வளைகாப்புக்குப் பூநகை: பச்சைப் பூவா, நெட்டியா, காய்ந்த பூவா?

தங்கைக்குத் தை மாதத்தில் வளைகாப்பு. ஏழாம் மாதம். மண்டபம், சமையல்காரர், வளையல் எல்லாம் ஒரே வாரத்தில் முடிவாகிவிட்டன. இரண்டு வாரமாக முடிவாகாமல் வீட்டில் ஓடிக்கொண்டிருப்பது பூப் பேச்சு மட்டும்தான். “தலை நிறைய மல்லி தைக்காம என்ன வளைகாப்பு?” என்கிறாள் அம்மா. “மல்லி வாசனை வந்தாலே குமட்டுது அக்கா, கிட்டக் கொண்டு வராதே” என்கிறாள் தங்கை. நடுவில் நான். ஏழெட்டு வருடமாகத் தெரிந்தவர்களுக்குப் பூ ஜடை தைத்துக் கொடுக்கிறேன் என்பதால், இந்த வழக்கில் தீர்ப்பு சொல்லும் வேலை என் தலையில் விழுந்துவிட்டது.

என் முன்னால் இருந்தவை மூன்று: பச்சைப் பூ, நெட்டி, உலர்ந்த பூ. துணிப்பூ, பிளாஸ்டிக் முத்து வைத்த ‘ஃப்ளோரல் ஜுவல்லரி’ செட்டுகளை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. நாட்டியம் ஆடும் பிள்ளைகளுக்கு அதுதான் சரி. எத்தனை அடவு ஆடினாலும் உதிராது. வளைகாப்புப் பெண் ஆடப்போவதில்லை, மூன்று நான்கு மணி நேரம் மனையில் உட்காரப்போகிறாள். இந்த ஒரு விஷயம் பாதிக் கணக்கை மாற்றிவிடுகிறது.

பச்சைப் பூவிலிருந்து ஆரம்பிக்கிறேன், கை பழகியது அதில்தான்.

பூ தைக்கிறது என்பது நம் ஊரில் கோடைக் காரியம். பள்ளி விடுமுறையில் பெண் குழந்தைகளுக்குத் தாழம்பூவும் மல்லியும் வைத்துத் தைத்து, ஸ்டுடியோவுக்கு அழைத்துப்போவார்கள். முகம் கேமராவைப் பார்க்கும். பின்னால் நிற்கும் நிலைக்கண்ணாடியில் ஜடை தெரியும். அந்தக் கறுப்பு வெள்ளைப் படம் இல்லாத வீடு குறைவு. அது ஏன் கோடையில் நடந்தது என்றால், குண்டு மல்லி கொட்டுவது அப்போதுதான். பங்குனியில் தொடங்கி ஆனி வரை மலிவாகக் கிடைக்கிற அதே பூ, மார்கழி தைப் பனியில் செடியில் அரும்பு வைப்பதே அபூர்வம். பொங்கலும் முகூர்த்தமும் சேர்ந்து வரும் நாளில் மதுரை மாட்டுத்தாவணியிலும் நிலக்கோட்டையிலும் கிலோ 2,000 ரூபாயைத் தாண்டுவது ஆண்டுதோறும் செய்தியாகிற விஷயம். எங்கள் திருச்சியிலும் அதே கதைதான். அம்மா கேட்கிற ‘தலை நிறைய மல்லி’, தையில் ஒரு கிராம் மோதிரத்தோடு போட்டி போடாவிட்டாலும், நல்ல ஒரு சில்க் காட்டன் புடவையோடு போட்டி போடும்.

விலையைவிட எனக்குப் பெரிய சிக்கல் நேரம். மல்லியை விடியற்காலையில் மொட்டாகப் பறிக்கிறார்கள், அது சாயங்காலம் விரியும். ஜடை தைக்க மொட்டுதான் வேண்டும். ஊசியில் நான்கைந்து அரும்பு கோத்து, அட்டைமேல் சாய்வாக இரண்டு பக்கமும் அடுக்கி, நடுவில் ரோஜா இதழோ கனகாம்பரமோ ஓடவிட்டால் கோலம் மாதிரி கோடு பிடிக்கும். காலை 10 மணி விசேஷத்துக்கு அந்தக் கோடு நிற்கும். மாலை விசேஷம் என்றால் 7 மணிக்குள் பூ விரிந்து கோடெல்லாம் ஒன்றோடொன்று கலந்துவிடும். மணம் அப்போதுதான் உச்சத்துக்கு வரும், ஆனால் நீங்கள் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து தைத்த வேலைப்பாடு யாருக்கும் தெரியாது. மாலை வரவேற்புக்கு ஜடை கேட்பவர்களிடம் நான் இதை முதலிலேயே சொல்லிவிடுவேன். பாதிப் பேர் நம்புவதில்லை.

எடையும் ஒரு கேள்வி. போன வருடம் ஒரு முழு ஜடையைச் சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்தேன். அட்டை, நூல், பூ எல்லாம் சேர்த்து 620 கிராம். பொதுவாக அது ஒன்றும் தெரியாது. ஏழு மாத வயிற்றோடு, இடுப்பு வலியோடு, நேராக உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்குப் பின்னந்தலையில் அரைக் கிலோவுக்கு மேல் தொங்கினால் தெரியும். முன்பு என்னிடம் தைத்துக்கொண்ட ஒரு பெண், வளையல் அடுக்கி முடிவதற்குள் ஜடையைக் கழற்றிவிட்டாள். பூவில் ஒரு குறையும் இல்லை. கழுத்துதான் தாங்கவில்லை.

சரி, வாசனையும் கூடாது, எடையும் கூடாது, தை மாதம் வேறு. அப்படியென்றால் பச்சைப் பூவே வேண்டாமா? அங்கேதான் பலர் அவசரப்படுகிறார்கள். பச்சைப் பூ என்றால் குண்டு மல்லி மட்டும் என்று யார் சொன்னது? கனகாம்பரத்துக்கு வாசனையே கிடையாது, காற்று மாதிரி எடை, வாடவும் நேரமாகும். டெல்லி கனகாம்பரம் என்று விற்கிற ஆழ்ந்த ஆரஞ்சு நிறம் பட்டுப் புடவைக்கு அப்படிப் பொருந்தும். (அந்த ரகம் விதை கட்டாது, பதியன் போட்டோ தண்டு நட்டோதான் பெருக்க வேண்டும். வீட்டில் வைத்துவிட்டு விதைக்காகக் காத்திருந்த ஏமாளி நான்.) வெள்ளைக்குக் காக்கரட்டான் இருக்கிறது. மல்லியின் பங்காளி மாதிரிதான், ஆனால் மணம் கம்மி. மொட்டு ஒல்லியாக இருப்பதால் கோடு இன்னும் நேர்த்தியாக வரும். தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகம் வெளியிட்ட கோ.1 நட்சத்திர மல்லிகையும் பனிக்காலத்தில் பூக்கிற ரகம்தான். பூக்கடையில் அந்தப் பெயரைச் சொன்னால் விழிப்பார்கள். ‘பனியிலும் வருகிற நீள மொட்டு’ என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள்.

பச்சைப் பூவில் நான் தொடாதது அரளி. தோவாளை மாணிக்க மாலையைப் பார்த்திருப்பீர்கள், வெள்ளை அரளியும் சிவப்பு அரளியும் மடித்து, பாய் பின்னினது போலத் தட்டையாக, கல் பதித்த மாதிரி இருக்கும். 2025-ல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. வேலைப்பாட்டில் அதற்கு ஈடு இல்லை என்றே சொல்வேன். சாமிக்கும், மேடையில் பெரியவர்களுக்கும் போடட்டும். ஆனால் அரளியில் இலை, பூ, பால் எல்லாமே விஷம். கர்ப்பிணியின் கையிலும் கழுத்திலும், அவள் மடியில் ஏறும் குழந்தைகளின் வாய்க்கு எட்டுகிற உயரத்திலும் அது வேண்டாம். அதேபோலக் கடை ரோஜாவில் மருந்து அடித்திருக்கும். நெற்றியிலும் காதிலும் படுகிற இடத்துக்கு வீட்டு ரோஜா கிடைத்தால் நல்லது.

இரண்டாவது நெட்டி.

நெட்டி என்றதும் தஞ்சாவூர்ப் பெரிய கோயிலைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வெள்ளையாகச் செய்து வைத்திருப்பார்களே, அதுதான் ஞாபகம் வரும். டெல்டாக்காரர்களுக்கு மாட்டுப் பொங்கலன்று மாட்டின் கழுத்தில் போடும் கலர் நெட்டி மாலை ஞாபகம் வரும். இரண்டும் ஒரே செடி. குளத்திலும் சதுப்பிலும் வளர்கிற செடியின் தண்டு. பழுப்புத் தோலைச் சீவினால் உள்ளே பால் வெள்ளையாக, பஞ்சைவிடக் கொஞ்சம் கெட்டியாகச் சோறு இருக்கும். வெள்ளைக்காரர்கள் போட்ட ‘சோலா டோப்பி’ என்ற தொப்பியைச் செய்ததும் இதில்தான். வங்காளத்துக் கல்யாணத்தில் மாப்பிள்ளை வைக்கிற உயரமான வெள்ளைக் கிரீடமும் இதேதான். தஞ்சாவூர் நெட்டி வேலைக்கு 2020-ல் புவிசார் குறியீடு கொடுத்தார்கள். இவ்வளவு இருந்தும் நம் பெண்கள் அதை நகையாகப் போட்டுக்கொள்ளவில்லை என்பது எனக்கு இன்றுவரை புரியாத விஷயம். மாட்டுக்குப் போடுவது என்ற எண்ணம் குறுக்கே நிற்கிறதோ என்னவோ. அம்மா அப்படித்தான் சொன்னாள், வார்த்தையைக் கொஞ்சம் மாற்றி.

தோடு, ஜிமிக்கி, நெற்றிச்சுட்டி, வங்கி, ஒட்டியாணம் என்று நெட்டியில் ஒரு முழு செட் செய்து அதே தராசில் வைத்தேன். 45 கிராம். முள்ளே பெரிதாக நகரவில்லை. காது இழுக்காது, கழுத்து வலிக்காது, வாசனை கிடையாது. ஒரு மாதம் முன்பே செய்து டப்பாவில் போட்டுவிடலாம். விசேஷத்தன்று விடியற்காலை 4 மணிக்கு எழுந்து ஊசி கோக்க வேண்டியதில்லை. இந்த ஒன்றுக்காகவே நெட்டிக்கு நான் கோயில் கட்டுவேன்.

செய்வது முள்ளங்கி தோல் சீவுகிற வேலைதான், கத்தி மட்டும் சவர பிளேடு மாதிரி இருக்க வேண்டும். தண்டை உருட்டிக்கொண்டே சீவினால் காகிதம் மாதிரி நீளமாகச் சுருள் வரும். அதை லேசாக ஈரத்துணியில் ஒற்றி எடுத்தால் மடங்கும். காய்ந்தபடியே மடித்தால் பட்டென்று முறியும். இதழ் இதழாக வெட்டி, அடியில் நூல் சுற்றி இறுக்கினால் மல்லி, சம்பங்கி, தாமரை மொட்டு எதுவும் வரும். எனக்கு முதல் தடவை வந்தது எல்லாமே முட்டைக்கோஸ். பத்துப் பதினைந்து தண்டு வீணான பிறகுதான் கை சொன்னபடி கேட்டது. நாமே செய்ய முடியாவிட்டால் தஞ்சாவூர்க் கலைஞர்களிடம் படம் காட்டிச் சொன்னால் செய்து தருகிறார்கள். ஆனால் பொங்கலை ஒட்டிக் கேட்டால் கை ஓயாத நேரம், முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

நெட்டியில் மாட்டிக்கொள்கிற இடம் சாயம். வெள்ளை நெட்டி தண்ணீரை உறிஞ்சுவது போலவே சாயத்தையும் உறிஞ்சும், வியர்வை பட்டால் அதைத் திருப்பியும் கொடுக்கும். இரண்டு வருடம் முன்பு ஒரு கடையில் ராணி கலர் நெட்டி மாலை வாங்கி ஒரு சீமந்தத்துக்குப் போட்டுவிட்டேன். வெயில் நாள். மாலை கழற்றும்போது அந்தப் பெண்ணின் கழுத்தைச் சுற்றி ராணி கலர் வளையம், கிரீம் நிற ரவிக்கையில் இரண்டு விரல்கடை அகலத்துக்குக் கறை. ரவிக்கைக்கு நான் பணம் கொடுத்தேன், கறை போகவில்லை. அதன்பிறகு கலர் நெட்டியை ஈரத் துணியில் தேய்த்துப் பார்க்காமல் யாருக்கும் போடுவதில்லை. வீட்டுச் சாயமும் முயன்று பார்த்தேன். மஞ்சள் நீரில் முக்கினால் அழகான மஞ்சள். அதில் சுண்ணாம்பு சேர்த்தால் ஆரத்தித் தட்டில் வருகிற அதே சிவப்பு வந்தது, காய்ந்ததும் செங்கல் நிறமாகிவிட்டது. வெள்ளையாகவே விட்டு, நுனியில் மட்டும் மஞ்சள் காட்டுவதுதான் இப்போதைக்கு என் வழி. நெட்டியின் அழகே அந்த வெள்ளைதான்.

அப்புறம், நெட்டி நசுங்கும். கட்டிப்பிடிக்க வருகிற அத்தைகளைக் கவனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஒட்டியாணமும் வங்கியும் அவர்களிடம் தப்பாது. காதும் நெற்றியும் தப்பும். பன்னீர் தெளிக்கிற வழக்கம் இருந்தால் நெட்டி அணிந்த பக்கம் தெளிக்காமல் பார்த்துக்கொள்ள ஒருவரை நிறுத்த வேண்டும்.

மூன்றாவது உலர்ந்த பூ. இப்போது எல்லோரும் கேட்பது இதைத்தான். பூவைக் காயவைத்து, கண்ணாடி மாதிரி இறுகுகிற ரெசின் என்ற திரவத்தில் பதித்து, தோடும் டாலருமாக வைத்துக்கொள்வது. ‘வளைகாப்புப் பூவைக் காலத்துக்கும் வைத்துக்கொள்ளலாம்’ என்பது ஆசை காட்டுகிற பேச்சு. எந்தப் பூ என்பதைப் பொறுத்துத்தான் அது பலிக்கும்.

மல்லிக்குப் பலிக்காது. வெள்ளை இதழ் காயும்போதே பழுப்பாகும். புத்தகத்துக்குள் செய்தித்தாள் வைத்து மூன்று வாரம் அழுத்தியும், சிலிகா ஜெல்லில் புதைத்தும் பார்த்துவிட்டேன், டீத்தூள் நிறத்துக்குத்தான் வந்து நிற்கிறது. சிவப்பு ரோஜா கறுக்கும். நிறம் மாறாமல் நிற்பதற்கென்றே ஒரு பூ நம்மிடம் இருக்கிறது, பெயரிலேயே சொல்லிவிட்டார்கள்: வாடாமல்லி. அந்த ஊதா உருண்டையில் நாம் இதழ் என்று நினைப்பது உண்மையில் காகிதம் மாதிரியான பூவடிச் செதில். செடியிலேயே பாதி காய்ந்துதான் இருக்கும். அதன் நிறமியும் ரோஜாவில் இருப்பது போன்றது இல்லை, பீட்ரூட் வகை. கொத்தாகக் கட்டி நிழலில் தலைகீழாகத் தொங்கவிட்டால் இரண்டு வாரத்தில் சரசரவென்று ஆகிவிடும், நிறம் அப்படியே இருக்கும். கோழிக்கொண்டையும் இதே ஜாதிதான். ஊசியால் நேராகக் கோத்தால் கைவளை, கொலுசு, ஜடைக் குஞ்சலம் எல்லாம் ஆகும். ரெசினே தேவையில்லை.

ரெசின் எனக்கு ஒத்துவரவில்லை என்பதை மறைக்க வேண்டியதில்லை. இரண்டு திரவத்தைச் சொன்ன அளவில் கலக்க வேண்டும், ஒரு சொட்டு கூடினாலும் குறைந்தாலும் பிசுபிசுப்பு போகாது. பூவில் துளி ஈரம் இருந்தால் உள்ளேயே பழுப்பேறும், கொப்புளம் கட்டும். கார்த்திகை மழையில் நான் ஊற்றிய ஆறு டாலரும் இன்றுவரை விரலில் ஒட்டுகின்றன. கலக்கும்போது கையுறையும் காற்றோட்டமும் கட்டாயம்; இறுகுவதற்கு முன் தோலில் பட்டுப் பட்டு ஒவ்வாமை வருகிறவர்கள் இருக்கிறார்கள். கர்ப்பிணி இருக்கும் வீட்டில் அந்த வேலையே வேண்டாம் என்பேன். வெயில் பட்டால் காலப்போக்கில் மஞ்சளாகவும் ஆகும். இயற்கைப் பொருள் என்று ஆரம்பித்துப் பிளாஸ்டிக்கில் போய் முடிகிறதே என்பது கூடுதல் எரிச்சல். நன்றாகச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள், சந்தேகமில்லை. வளைகாப்பு முடிந்து ஆறு மாதம் கழித்து ஒரு நினைவுப் பொருளாக அவர்களிடம் கொடுத்துச் செய்துகொள்ளலாம். அன்றைக்கு அணிகிற நகையாக எனக்கு அது ஒரு படி கீழேதான்.

விதை நகையையும் சிலர் கேட்கிறார்கள். குன்றிமணி கோத்த மாலை பார்க்க எவ்வளவு அழகு! ஆனால் அதற்குள் இருப்பது கொடிய விஷம். ஓட்டோடு இருக்கும்வரை ஒன்றுமில்லை. கோக்க வேண்டுமென்றால் துளை போட வேண்டும், துளை போட்டால் ஓடு போயிற்று. குழந்தைகள் வருகிற வீட்டில் அதைக் கொண்டுவராதீர்கள். அதே சிவப்பு வேண்டுமென்றால் மஞ்சாடி விதை இருக்கிறது. பனை ஓலையும் நல்ல வழிதான், காதோலை என்ற பேரே அங்கிருந்து வந்ததுதானே, ஆடிப்பெருக்குக்குக் காவிரியில் காதோலையும் கருகமணியும் விடுகிறோம். ஆனால் ஓலையை மெல்லிசாகக் கிழித்துப் பின்னுவது என் கைக்கு வரவில்லை, அதனால் அதிகம் சொல்லப்போவதில்லை.

இனி முடிவு. ஒன்றைத் தேர்ந்தெடுத்து உச்சி முதல் இடுப்புவரை அதையே போட வேண்டும் என்று யோசித்ததுதான் இரண்டு வாரச் சண்டைக்குக் காரணம் என்று இப்போது படுகிறது. உடம்பில் எந்த இடம் என்று பிரித்தால் சண்டையே இல்லை. தலைக்குப் பச்சைப் பூதான். முடியோடு சேர்ந்து அது அசைவதையும் அதன் குளிர்ச்சியையும் நெட்டியோ வாடாமல்லியோ கொடுக்காது. இந்த விஷயத்தில் நான் அம்மா கட்சி. ஆனால் முழு நீள ஜடை இல்லாமல், ராக்கொடி வைக்கிற இடத்திலிருந்து ஒன்றரைச் சாண் மட்டும், காக்கரட்டானும் கனகாம்பரமும். இருநூறு கிராமுக்குள் முடித்துவிடுவேன். காது, நெற்றி, கை மூன்றுக்கும் வெள்ளை நெட்டி, நுனியில் மஞ்சள். ஜடைக் குஞ்சலத்துக்கு வாடாமல்லி. ஒட்டியாணம் கிடையாது, ஏழாம் மாதத்தில் அதை எங்கே கட்டுவது என்று தங்கையே சிரித்துவிட்டாள்.

உங்கள் வீட்டு விசேஷம் சித்திரையில், காலையில், பெண்ணுக்கு வாசனை பிடிக்கும் என்றால் நெட்டியைப் பற்றி யோசிக்கவே வேண்டாம், குண்டு மல்லியை வாரிக் கட்டுங்கள். வெளிநாட்டில் இருக்கிற பெண்ணுக்கு அனுப்புவதென்றால் நெட்டியும் வாடாமல்லியும்தான், பெட்டியில் தலையணை உறைக்குள் வைத்து அனுப்பலாம். ஆனால் விதை, செடிப் பொருள்களுக்கு அந்த நாட்டு விமான நிலையத்தில் என்ன கட்டுப்பாடு என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். மழை மாதத்தில் வெளிப்பந்தல் போட்டுச் செய்தால் நெட்டி நனையும், பச்சைப் பூவே மேல்.

நெட்டித் தோடும் சுட்டியும் முடிந்து, அரிசி டப்பாவுக்குமேல் உட்கார்ந்திருக்கின்றன. வாடாமல்லி பின்கட்டில் தலைகீழாகத் தொங்குகிறது. ஸ்ரீரங்கத்துப் பூக்காரம்மாவிடம் காக்கரட்டானுக்கு முன்பணம் கொடுத்தாயிற்று; விடியற்காலையில் வந்து எடுத்துக்கொள்ளச் சொன்னார், ஈரத் துணியில் சுற்றி வைத்திருப்பாராம். அம்மாவுக்காக இரண்டு முழம் குண்டு மல்லியும் சொல்லியிருக்கிறேன், என்ன விலை வந்தாலும் சரி என்று. அது வாசல் தாம்பாளத்தில் வருகிறவர்களுக்குக் கொடுக்க. மனைக்குப் பக்கத்தில் வராமல் பார்த்துக்கொள்வது அம்மாவின் பொறுப்பு. ஒத்துக்கொண்டிருக்கிறாள், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு.